போக 3.6, வர 1.4

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் என் வீட்டுக்காரியும் (கடைக்காரி என்றால்தான் அவளுக்குப் பிடிக்கும்) சௌகரியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் மகள் வீட்டு லிஃப்டைச் சரிசெய்தார்களா, இல்லை இன்னும் மூன்று மாடி ஏறி இறங்குகிறாயா? இரண்டு தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. 'கடிதம் போடு' என்று மகளிடம் சொல்லி அனுப்பினாய். சரி, போட்டாயிற்று.

விஷயம் வண்டி. நம் பிக்கப் வயசாகி பெட்ரோலைக் குடிக்கிறது அக்கா. முன்பெல்லாம் டேங்க் நிரப்பினால் இரண்டு வாரம் தாங்கும். இப்போது ஒன்பதாம் நாளே காற்று வாங்குகிறது. கண்ணாடி ஏற்றும் வண்டி, நடுவழியில் நின்றால் என் பிழைப்பே சில்லுச் சில்லாகிவிடும்.

எதிர்க்கடை பெயிண்ட்காரர் "டீசல் வாங்குங்க சார், மாடு மாதிரி உழைக்கும், ஆடு மாதிரி தின்னும்" என்கிறார். நம் மெக்கானிக் ஸ்டெத், திருப்புளியை இன்ஜினில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பானே, அவன் "பெட்ரோலே போதும்ணே" என்கிறான். இரண்டு பேருக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

புது டீசல் வண்டி வாங்க, வயசான காலத்துக்கு என்று நாங்கள் போட்டு வைத்திருக்கும் பணத்தை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். கடைக்காரி என்ன சொல்கிறாள் தெரியுமா? "உங்கக்கா கணக்குப் போட்டுச் சொல்லட்டும், அன்னைக்கே கையெழுத்துப் போடறேன். உங்க கணக்கை நம்பிப் போட மாட்டேன்." முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்தியவள் நீ. தம்பிக்கு ஒரே ஒரு கணக்குப் போட்டுக் கொடு.

உன் அன்புத் தம்பி

*

ஜனவரி 24

என் அன்புத் தம்பிக்கு,

லிஃப்ட் ஓடுகிறது. முழங்கால்தான் தனிக்குடித்தனம் நடத்துகிறது. மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. கடைக்காரியை நான் மிகவும் விசாரித்ததாகச் சொல். உன் கணக்கை நம்பாத ஒருத்தி உனக்கு வாய்த்தது நீ செய்த புண்ணியம்.

போனில் கணக்குப் பேச முடியாது. நான் ஒன்று சொன்னால் நீ 'உம்' கொட்டுவாய், எண் காற்றில் போய்விடும். காகிதத்தில் எழுதினால் திரும்பிப் பார்க்கலாம்.

விலை தினமும் ஏறி இறங்குவதால், பெட்ரோல் ஒரு லிட்டர் நூறு என்று வைத்துக்கொள்வோம். டீசல் தொண்ணூறு. பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 11 கிலோமீட்டர் ஓடும், டீசல் வண்டி 14 ஓடும் என்று வை. இரண்டையும் 154 கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்போம். பெட்ரோல் வண்டிக்கு 14 லிட்டர், ஆக 1400. டீசல் வண்டிக்கு 11 லிட்டர், ஆக 990. மிச்சம் 410. அதாவது நான்கு லிட்டர் பெட்ரோலுக்குக் கொஞ்சம் மேலே.

உடனே பெயிண்ட்காரரிடம் ஓடாதே. பேப்பரில் விலை பார்த்தேன். டீசல் வண்டி வாங்கும்போதே, ஆயிரத்து ஐந்நூறு லிட்டர் பெட்ரோலின் விலையைக் கூடுதலாகக் கொடுக்கிறாய். அந்தக் கூடுதல் திரும்பி வர, வண்டி சுமார் ஐம்பத்தாறாயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். நாளைக்கு முப்பது கிலோமீட்டர், வருஷத்துக்கு முந்நூறு நாள் என்றால் ஆறு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குப் பிறகுதான் டீசல் உனக்குச் சம்பாதித்துக் கொடுக்கும்.

ஆகவே எல்லாம் நீ எவ்வளவு ஓட்டுகிறாய் என்பதில் இருக்கிறது. ஒரு மாதம் நோட்டுப் போடு. எங்கே போனாய், போக எவ்வளவு, வர எவ்வளவு, எத்தனை லிட்டர் அடித்தாய். மீட்டரில் இருப்பதை அப்படியே எழுது. உத்தேசம் என்ற சொல்லே என் கண்ணில் படக்கூடாது.

அன்புடன் அக்கா

*

பிப்ரவரி 27

அன்புள்ள அக்கா,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் மாடியில் நின்று துணி உலர்த்தாதே, அதற்கு மகள் வீட்டில் மிஷின் இருக்கிறது.

நோட்டை அனுப்பியிருக்கிறேன். கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தால் மன்னித்துக்கொள். வலது கையில் ஒரு வெட்டு. கண்ணாடி அடுக்கின் ஓரத்தில் கை வைத்துவிட்டேன். இருபத்தாறு வருஷத்தில் விழாத வெட்டு, இந்த வருஷம் மூன்றாவது. கடைக்காரி "இவருக்கு இப்பதான் தொழில் கத்துக் கொடுக்கறாங்க" என்று வாடிக்கையாளர்களிடமெல்லாம் சொல்கிறாள். வண்டியின் வலப்பக்கக் கண்ணாடியும் போயிற்று. யார் வீட்டுக் கேட்டோ வந்து இடித்துவிட்டது. கண்ணாடிக் கடைக்காரன் வண்டியில் கண்ணாடி இல்லை என்று பெயிண்ட்காரர் சிரிக்கிறார்.

கூட்டிப் பார்த்தேன் அக்கா. முப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நாளைக்கு நாற்பத்தாறு கிலோமீட்டர் ஓடுகிறேன்! உன் கணக்குப்படி நாலே வருஷத்தில் டீசல் முதலைத் திருப்பிவிடும். ஒரு வார்த்தை 'டீசல்' என்று எழுது, கடைக்காரி பேனாவைத் திறந்து வைத்திருக்கிறாள். அடுத்த மாதக் கடைசியில் வண்டி விலை ஏறப்போகிறதாம்.

உன் தம்பி

*

மார்ச் 8

அன்புத் தம்பிக்கு,

வெட்டு ஆறிவிட்டதா? தண்ணீர் படாமல் பார்த்துக்கொள். நான் சுகம். இரண்டு நாளாக மேசை நிறைய உன் நோட்டுதான். மகள் "அம்மா மறுபடி வேலைக்குச் சேர்ந்துட்டாங்க" என்று கேலி செய்கிறாள்.

உன் வண்டி லிட்டருக்கு 11 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எட்டு வருஷத்துக்கு முன்னால் நீ கேட்டு ஒருமுறை கணக்குப் போட்டேன், அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்றைக்கும் 11தான். ஆக, வண்டி பெட்ரோல் குடிக்கவில்லை. பாவம், அதன் மேல் பழி போட்டுவிட்டாய். பெட்ரோல் கூடவில்லை தம்பி, தூரம் கூடியிருக்கிறது.

அதனால் ஒரு கேள்வி. கடையிலிருந்து என் பள்ளிக்கு ஜன்னல் கண்ணாடி கொண்டுபோயிருக்கிறாய். போக 3.6, வர 1.4 என்று எழுதியிருக்கிறாய். உன் சந்திலிருந்து வெளியே வந்து, மணிக்கூண்டில் வலப்பக்கம் திரும்பினால் பள்ளி. முப்பது வருஷம் நான் நடந்த தூரம் அது, 1.4தான். போகும்போது மட்டும் ஏன் இரண்டு மடங்குக்கு மேல்? மரக்கடைக்கு நேர் எதிராக இருக்கிறது. போக 2.3, வர 4.1.

ரோட்டை ஒருவழி ஆக்கிவிட்டார்களா? எழுது. அதுவரை கடைக்காரியைப் பேனாவை மூடி வைக்கச் சொல்.

அக்கா

*

மார்ச் 20

அக்கா,

மணிக்கூண்டுப் பக்கம் ரோடு வேலை நடக்கிறது. சுற்றித்தான் போக வேண்டியிருக்கிறது. எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள்.

டீசலா பெட்ரோலா, அதை மட்டும் எழுது. மாதக் கடைசி வந்துவிட்டது.

தம்பி

*

மார்ச் 29

என் அன்புத் தம்பிக்கு,

இந்தத் தடவை நீ என் முழங்காலைக்கூட விசாரிக்கவில்லை. பரவாயில்லை, அது நலமாக இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்?

கணக்குப் பிறகு. முதலில் ஒரு உதாரணம் சொல்கிறேன். வகுப்பிலும் நான் அப்படித்தான்.

ஒரு டீச்சர் இருந்தாள். ஓய்வு பெறுவதற்கு முந்தைய இரண்டு வருஷம், முதல் இரண்டு பெஞ்சுப் பிள்ளைகளிடம் மட்டுமே கேள்வி கேட்டாள். பின் பெஞ்சில் கையைத் தூக்கினாலும் பார்க்காத மாதிரி கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வாள். மணி அடித்த பிறகும் பாடம் நடத்துவாள். பிள்ளைகள் அதை அக்கறை என்று நினைத்தார்கள். ஆண்டு விழாவில் தலைமை ஆசிரியர் அதைச் சொல்லி மாலையே போட்டார். உண்மை என்ன என்றால், அவளுக்கு மணி கேட்கவில்லை. பின் பெஞ்சும் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லாமல், தனக்குக் கேட்கிற இடங்களை மட்டும் வைத்து ஒரு பாதை போட்டு, அதிலேயே இரண்டு வருஷம் நடந்தாள். பின் பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். கணக்கு நன்றாக வரும், குரல்தான் மெல்லியது. அந்த இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவளிடம் நான் கேள்வி கேட்கவில்லை. இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

ஆமாம், நான்தான். இப்போது இரண்டு காதிலும் மிஷின். போனில் வைத்தால் வீல் என்று கத்துகிறது, அதனால்தான் கடிதம். மகளைத் தவிர யாருக்கும் தெரியாது. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். சொன்ன பிறகு, ஏதோ கனமான பையைக் கீழே வைத்த மாதிரி இருக்கிறது.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். நம் ஊர்த் தெருக்களை நினைவிலிருந்து வரைந்து, உன் நோட்டில் உள்ள பயணங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எந்தப் பாதையில் போனால் 3.6 வரும், எதில் போனால் 4.1 வரும் என்று. இடப்பக்கத் திருப்பங்களுக்கு நீலம், வலப்பக்கத் திருப்பங்களுக்குச் சிவப்பு. இரண்டு பென்சிலையும் சீவி வைத்தேன். சிவப்பு தேவைப்படவே இல்லை.

வேறொன்றும் நான் கேட்கவில்லை. டீசலா பெட்ரோலா என்பதற்கு இன்னும் விடை எழுதவில்லை. கையெழுத்துப் போடாதே.

உன் அக்கா

*

மே 2

அன்புத் தம்பிக்கு,

ஒரு மாதமாகிவிட்டது. கடிதம் கிடைத்ததா? கோபமாக இருந்தால் 'கோபம்' என்று ஒரு வார்த்தை எழுதிப் போடு, போதும். இங்கே தபால்காரர் வரும் நேரத்துக்கு நான் லிஃப்டுக்குக்கூடக் காத்திருப்பதில்லை. முழங்கால் என்னைத் திட்டுகிறது.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

அக்கா

*

மே 11

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

கடைக்காரி எழுதுகிறேன். பயப்படாதீர்கள், இரண்டு பேரும் முழுசாக இருக்கிறோம். நீங்கள் படியில் ஓட வேண்டாம்.

உங்கள் கடிதம் ஏப்ரல் முதல் வாரமே வந்துவிட்டது. கண்ணாடி வெட்டும் மேசையில் நின்றபடியே படித்தார். படத்தை விரித்து வெகுநேரம் பார்த்தார். மடித்து இழுப்பறையில் வைத்தார். "அக்கா என்ன சொல்றாங்க, டீசலா?" என்று கேட்டேன். "முடிவாகல" என்றார். மூன்று நாள் இப்படித்தான். நான் ஏதாவது சொன்னால் சோற்றைப் பார்த்துத் தலையாட்டினார்.

நான்காம் நாள் பள்ளிக்கு இன்னும் நாலு கண்ணாடி கொண்டுபோக வேண்டியிருந்தது. "நீயும் வா" என்றார். என்றைக்கும் கூப்பிடாத மனுஷன். மணிக்கூண்டு வந்ததும் வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டார். போட்டவர் போட்டபடி நிற்கிறார் அக்கா. பின்னால் ஒரே ஹாரன். "போங்களேன், ரோடு காலியாத்தானே இருக்கு?" என்றேன். "காலியா இருக்கா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு அப்போதும் புரியவில்லை. மெல்ல நகர்த்தினார். நான் "ஐயோ, நில்லுங்க!" என்று கத்தினேன். வலப்பக்கம் சைக்கிளில் ஒரு பெண், கைக்கு எட்டுகிற தூரத்தில். அவர் கால் பிரேக்கில் இறங்கியதும் பின்னால் ஒரு கண்ணாடி விரிசல் விட்டது. அந்தப் பெண் திட்டிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "எத்தனை நாளா?" என்றேன். "ஒன்றரை வருஷமா." "ஏன் சொல்லல?" "சொன்னா வண்டிய எடுக்க விடமாட்டே." "ஆமா, விடமாட்டேன்!" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோமா அழுதோமா என்று இப்போது நினைவில்லை. கண்ணாடிகளை வண்டியிலேயே விட்டு, பூட்டி, நடந்தே கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

கண்ணுக்குள்ளே அழுத்தம் கூடி, நரம்பு கெட்டுக்கொண்டே வந்திருக்கிறது. வலது கண் நேரே பார்க்கிறது, ஓரம் இல்லை. போனது திரும்பாதாம். இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். வண்டி மட்டும் கூடாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்.

அவர் உங்களுக்கு எழுதத் தினமும் காகிதத்தை எடுக்கிறார், "அன்புள்ள அக்கா" என்று எழுதுகிறார், எழுந்துவிடுகிறார். கூச்சம். அதனால் நான் எழுதுகிறேன். பெயிண்ட்காரர் நல்ல மனுஷன், தன் ஆளை விட்டு எங்கள் கண்ணாடிகளையும் இறக்கித் தருகிறார். எத்தனை நாள் தருவார்? வண்டிச் சாவி ஆணியில் தொங்குகிறது. கல்லாவில் உட்கார்ந்தால் என் கண்ணுக்கு நேரே அதுதான்.

உங்கள் காது விஷயம் எனக்கு முன்பே சந்தேகம். "மகள் எப்படி இருக்கா?" என்று போனில் கேட்டால் "ரெண்டு வேளை, சாப்பாட்டுக்கு அப்புறம்" என்று பதில் சொன்னவர் நீங்கள்.

கடைக்காரி

*

மே 20

என் அன்புத் தம்பிக்கும் கடைக்காரிக்கும்,

சேதி படித்தேன். சைக்கிள் பெண் பிழைத்தாள், நீ பிழைத்தாய். இதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டாம். சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடு. என் இரண்டு வேளை மாத்திரையை உன் மருந்து நேரத்தோடு சேர்த்துக்கொள்கிறேன், காலை எட்டு, இரவு எட்டு. இங்கே ஒருத்தி, அங்கே ஒருத்தன்.

தம்பி, கூச்சம் வேண்டாம். வெற்றுத் தாளைக் கொடுக்கும் பிள்ளைக்கு விடை தெரியாது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

இப்போது கணக்கை முடிக்கிறேன். சுற்றாமல் போனால் உன் தூரம் நாளைக்கு முப்பத்தொன்றுதான். மீதிப் பதினைந்து கிலோமீட்டரும் நீ பயந்த தூரம். அதற்காக டீசல் வாங்க வேண்டாம். ஸ்டெத்துக்கும் ஒரு கடிதம் போட்டுக் கேட்டேன். இன்ஜின் நன்றாகச் சூடேறும் முன்பே நிறுத்திவிடுகிற சின்னச் சின்ன ஓட்டத்துக்குப் புது டீசல் வண்டி ஒத்துவராதாம், புகைக்குழாய் வடிகட்டியில் கரி அடைத்துக்கொள்ளுமாம். பெட்ரோல் என்றாலும் புதிது வேண்டாம். லிட்டருக்கு 11 தருகிற வண்டி வீட்டிலேயே நிற்கிறது. பணத்தைத் தொடாதீர்கள். அதை எந்தக் காலத்துக்கு என்று வைத்தீர்களோ, அந்தக் காலம் வரத்தான் போகிறது.

விடை: டீசலும் இல்லை, புதுப் பெட்ரோலும் இல்லை. மாற்ற வேண்டியது டிரைவரை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் உங்கள் வீட்டில் இருந்தபோது, "எனக்கும் ஓட்டச் சொல்லிக் கொடுங்களேன்" என்று ஒருத்தி கேட்டாள். "கண்ணாடி லோடு, உனக்குச் சரிப்படாது" என்றாய். நானும் அங்கேயே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. அது என் தப்பு. கடைக்காரி, ஆணியிலிருந்து சாவியை எடு.

அக்கா

*

ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்கா,

பார், இந்தத் தடவை 'அன்புள்ள அக்கா'வோடு எழுந்துவிடாமல் அதற்கு மேலும் எழுதுகிறேன். உன் முழங்கால், உன் காது, உன் மாத்திரை, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் விசாரிக்கிறேன். என் கண் அப்படியே இருக்கிறது. மேலே கெடவில்லை என்று டாக்டருக்குச் சந்தோஷம். காலை எட்டு மணிக்குச் சொட்டு மருந்து போட்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடுகிறேன். அந்த ஒரு நிமிஷமும் நீ தண்ணீர் டம்ளரைத் தேடுவதை நினைத்துக்கொள்கிறேன்.

உன் படத்தைப் பார்த்த அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. ஊரில் இத்தனை பேர் தினமும் பார்க்கிறார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. நீ எங்கோ ஒரு மூன்றாம் மாடியில் உட்கார்ந்துகொண்டு, நான் எழுதிய எண்களை வைத்துப் பிடித்துவிட்டாய். மீட்டர் எண்ணில் என்ன தெரிந்துவிடப் போகிறது என்று அப்படியே எழுதினேன். பிறகு உன் காது பற்றி எழுதியதைத் திரும்பப் படித்தேன். மணி அடித்தது தெரியாமல் நீ பாடம் நடத்திக்கொண்டே இருந்ததை நினைத்தேன். அதற்கு மேல் கோபம் தங்கவில்லை.

கடைக்காரிக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. ஸ்டெத்துதான் சொல்லிக் கொடுத்தான். முதல் வாரம் வண்டி தவளை மாதிரி குதித்தது. "அண்ணி, கிளட்ச்சு பாவம்" என்று அவன் அழாத குறை. "நீ காதுல திருப்புளிய வைக்காம கண்ணைத் திறந்து ரோட்டைப் பாரு" என்று அவனை அதட்டினாள். பழைய கண்ணாடித் துண்டுகளைப் பின்னால் அடுக்கி, ஒன்றும் உடையாமல் ஊரைச் சுற்றி வந்த பிறகுதான் நல்ல கண்ணாடி ஏற்றுவேன் என்று அவளே சட்டம் போட்டுக்கொண்டாள். ஏழாவது தடவை உடையவில்லை.

இப்போது அவள் ஓட்டுகிறாள், நான் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எந்தப் பக்கம் தெரியாதோ, அந்தப் பக்கத்தில் அவள் இருக்கிறாள். மணிக்கூண்டில் அவள் வலப்பக்கம் திரும்புவதைப் பார்த்தால் அந்த ரோட்டையே விலைக்கு வாங்கியவள் மாதிரி இருக்கும். மைலேஜ் மட்டும் 10.2தான், மூன்றாம் கியரோடு அவளுக்கு ஏதோ பகை. ஒரு வார்த்தை சொன்னேன். "பன்னிரண்டு வருஷம் முன்னாடி சொல்லிக் கொடுத்திருந்தா பதினொண்ணு கெடச்சிருக்கும்" என்றாள்.

பள்ளி திறந்த பிறகு உன் பழைய வகுப்பறைக்கு ஜன்னல் கண்ணாடி போட்டோம். கடைசி பெஞ்சுக்குப் பக்கத்து ஜன்னல்.

அக்கா, வண்டியில் மூன்று பேர் உட்காரலாம். விடுமுறைக்கு வா, நடுவில் இடம் உனக்கு. நீ ரோட்டைப் பார், நான் ஹாரனைக் கேட்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள் தேறும்.

கடைக்காரி புது நோட்டுப் போட்டிருக்கிறாள். முதல் பக்கத்தைக் கிழித்து உனக்கு அனுப்பச் சொன்னாள். மீட்டரில் இருப்பதை அப்படியே எழுதினாளாம், உத்தேசம் இல்லையாம்.

கடை – பள்ளி: 1.4
பள்ளி – கடை: 1.4

உன் அன்புத் தம்பி